பாட்டிலில் அம்மா முகம் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அன்றைக்கு நான் போனை வைத்தது கோபத்தில் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். “ஒங்களுக்கு அம்மாவ மறக்கணும்னா மறந்துக்கங்கப்பா, எங்கள ஏன் தடுக்கிறீங்க?” என்று கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, வாய்க்கு வரவில்லை. கண்டக்டர் வேலையில், பஸ்ஸில் கத்தியே பிழைத்த வாய் இது. சில்லறைக்காகச் சட்டையைப் பிடிக்க வந்தவனை எல்லாம் பேச்சிலேயே உட்கார வைத்த வாய். பெற்ற பிள்ளை ஒரு வார்த்தை கேட்டதும் அடைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் நீ “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. எங்கே அழுதுவிடுவேனோ என்று பயந்துதான் வைத்தேன். போனில் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன். எழுத்தில் ஒரு வசதி உண்டு, நடுவில் புகுந்து நீ மறித்துப் பேச முடியாது.

ஆவணியில் உன் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக, அம்மா வைத்துவிட்டுப் போன பெட்டிகளில் எடுக்கிற நம் வீட்டுத் தேனைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கலாம் என்று நீயும் நிவேதாவும் முடிவு செய்தீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். தேங்காய் வாங்கிப் போனவன் மறுநாள் சட்னி அரைத்துவிட்டு மறந்துபோவான். தேன் என்றால் மழைக்காலம் வரைக்கும் அலமாரியில் இருக்கும், இருமல் வரும்போதெல்லாம் உங்கள் கல்யாணம் ஞாபகம் வரும். கல்யாணத்துக்குப் பிறகு அதையே சென்னையில் விற்கலாம் என்று நிவேதா சொன்னபோது, மருமகள் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே கடையைத் திறந்துவிட்டாள் என்று நான்கூடக் கேலி செய்தேன். லேபிள் நீயே வரைந்தாய். அடுத்தவன் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அட்டை வரைந்து சம்பளம் வாங்குகிறவன், சொந்த வீட்டுத் தேனுக்கு வரையக் கேட்கவா வேண்டும். நடுவில் அம்மா முகம், மேலே ‘சரோஜா தேன்’. அப்பா ஒரு பார்வை பார்த்துச் சரி என்று சொன்னால் திங்கட்கிழமை அச்சுக்குப் போய்விடும் என்று சேகர் அச்சகத்துக்கு அனுப்பி வைத்தாய். நான் போனேன், பார்த்தேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று சேகரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை.

உன் மாமா ஏதாவது ஓதியிருப்பார், செத்தவர் படம் மங்கள காரியத்தில் ஆகாது என்று ஊர் சொல்வதற்கு நான் பயப்படுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை என்று உனக்கே தெரியும். திருக்கோகர்ணத்து மண்டபத்தில் அம்மா படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டுத்தான் நீ தாலியை எடுக்க வேண்டும் என்று முதலில் சொன்னவனே நான்தானே. மேடையில் இருக்கிற படம் வேறு. அதை நாம் கையோடு வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவோம். பாட்டிலில் ஒட்டினது அப்படித் திரும்பி வருமா?

நீ பார்க்காத ஒன்று இருக்கிறது. பார்த்திருந்தாலும் உன் மனதில் பதிந்திருக்காது, அன்றைக்கு நீ இருந்த நிலைமை அப்படி. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன உன் அம்மா அமரர் வேனில் திரும்பி வந்த அன்று, டிப்போவிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். என் பஸ்ஸை ஓட்டிய முத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சேகர்ட்ட சொல்லியாச்சு. நம்ம அண்ணிக்கு நம்ம ரூட்டு முழுக்க ஒட்டிருவோம்ணே. ஒரு செவுரு விடக்கூடாது” என்றான். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் நெருப்பைத் தின்னச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன். அவர்கள் செய்தது அத்தனையும் பாசம். ராத்திரியோடு ராத்திரியாக மைதாப் பசை காய்ச்சி, திருக்கோகர்ணத்தில் ஆரம்பித்து அரிமளம் வரைக்கும் ஒட்டித் தீர்த்துவிட்டார்கள். அதே ரூட்டில்தான் நான் தினமும் போய்வர வேண்டும் என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு நீ சென்னை பஸ் ஏறினாய். நான் டூட்டிக்குப் போனேன். முதல் டிரிப்பில் முதல் ஸ்டாப்பிலேயே அவள் நின்றாள். ஆமாம், நின்றாள் என்றுதான் எழுத வருகிறது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துச் சுவரில், சிரித்துக்கொண்டு. விசில் ஊத மறந்துவிட்டேன். முத்து கண்ணாடியில் என்னைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான், தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வண்டியை எடுத்தான். அடுத்த ஸ்டாப்பிலும் அவள். பஸ் ஸ்டாண்டு மதிலில் வரிசையாக அவள். டீக்கடைப் பலகையில், பாலத்துக் கைப்பிடிச் சுவரில், அரிமளம் நிழற்குடைக்கு உள்ளே. போகும்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வரும்போது இந்தப் பக்கம். ஏறுகிற பொம்பளைகள் சுவரைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, “கண்டக்டரு வீட்டம்மா. பூவும் பொட்டுமாப் போயிட்டா, கொடுத்து வச்சவ” என்று ரகசியம் பேசுவார்கள். பஸ்ஸில் ரகசியம் பேசினால் கண்டக்டருக்குத்தான் முதலில் கேட்கும்.

அந்தப் போட்டோ உனக்குத் தெரியும். மாமா வீட்டுக் காதுகுத்தில் எடுத்தது. பந்தியில் பரிமாறிவிட்டு, கத்தரிப்பூக் கலர் சுங்குடிச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவளை நீ இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாய். தோளில் கை போட்டாய். காதில் ஏதோ சொன்னாய். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், கேமராவை நேருக்கு நேர் பார்த்து அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். போஸ்டருக்காகச் சேகர் கம்ப்யூட்டரில் உன்னை வெட்டி எடுத்துவிட்டான். தோளில் இருந்த உன் விரல்களை அழித்து, அந்த இடத்தில் சேலை மாதிரி ஏதோ நிறத்தை இழுத்துவிட்டிருந்தான். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தினமும் ஒவ்வொரு சுவரிலும் என் கண் அவள் தோளுக்குத்தான் போகும். அங்கே ஒரு கை இருந்தது, இப்போது இல்லை.

ஆடு போஸ்டர் தின்னும். மைதாப் பசைக்காக. இது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான், சிரித்துக்கொண்டே கடந்து போயிருப்போம். ஒருநாள் பாலத்துக்குப் பக்கத்தில் பஸ் மெதுவாக ஏறும்போது பார்க்கிறேன், ஒரு வெள்ளாடு முன்னங்காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு அவள் கழுத்துவரைக்கும் கிழித்துத் தின்றுகொண்டிருக்கிறது. ஊதினேன் விசில். வண்டி நிற்கும் முன்பே குதித்தேன். ஒற்றைச் செருப்போடு ஓடி அந்த ஆட்டை விரட்டினேன். கெட்ட வார்த்தையும் பேசினேன், ஆட்டை அல்ல, ஆட்டுக்காரனை. பஸ் நிறைய ஜனம். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திரும்பி ஏறினதும் முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் என் செருப்பை எடுத்து என் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். முத்து அரிமளம் வரைக்கும் ஹாரன்கூட அடிக்கவில்லை.

ஆட்டைவிட வெயில் மோசம். பங்குனி பிறந்ததும் போஸ்டர்கள் வெளுக்கத் தொடங்கின. எது முதலில் போயிற்று தெரியுமா? பொட்டு. நெற்றியில் இருந்த குங்குமப் பொட்டு மங்கி மங்கி ஒருநாள் இல்லாமலே போய்விட்டது. சேலை நீலமாகிவிட்டது, முகமும் ஒரு மாதிரி நீலம் பாய்ந்துவிட்டது. ஆனால் சிரிப்பு அப்படியே இருக்கிறது. வெறும் நெற்றியோடு, நீலமாகச் சிரிக்கிறாள். நான் உயிரோடு எதிரே பஸ்ஸில் போகிறேன், அவள் பொட்டில்லாமல் நிற்கிறாள். சேகரிடம் போய்ச் சண்டை போட்டேன். “செவப்புதாண்ணே மொதல்ல போகும். எந்த மிசின்ல அடிச்சாலும் வெயிலுக்கு நிக்காது. நான் என்னண்ணே பண்ணுவேன்?” என்றான். பாவம், அவன் என்ன செய்வான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் குங்குமச் சிமிழை எடுத்து டிக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டேன். அரிமளத்தில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும் அல்லவா, முத்து டீக்குப் போவான். அந்த நேரத்தில் நிழற்குடைக்குள் போய் அவள் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு வருவேன். அங்கே மட்டும்தான் வைக்க முடிந்தது, மற்ற இடமெல்லாம் ரோட்டோரம். காலையில் வைத்த பொட்டு சாயந்தரத்துக்குள் உதிர்ந்திருக்கும். சாய்ந்து உட்காருகிறவர்களின் தலை எண்ணெய் பட்டு அவள் கன்னமெல்லாம் பிசுக்கு. எவனோ ஒருவன் பல்லில் பேனாவால் கறுப்பு அடித்திருந்தான். கைக்குட்டையை நனைத்துத் துடைத்தால் பல்லோடு உதடும் சேர்ந்து உரிந்தது. அன்றைக்குத்தான் முத்து வந்து பின்னால் நின்றான். “வேணாம்ணே. இங்கிட்டு வாங்க. பாக்குறவுக என்னமோ நெனப்பாக” என்று கையைப் பிடித்தான். “ஒட்டுனது நீதானடா” என்றேன். அவன் பிடித்த கையை விட்டுவிட்டான். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அப்படியே ஒவ்வொன்றாகப் போயின. சினிமா போஸ்டர் ஒட்டினார்கள், கட்சி போஸ்டர் ஒட்டினார்கள், வேறு யார் யாரோ செத்துப்போய் அவர்கள் போஸ்டரும் அவள் மேல் வந்தது. ஓரிடத்தில் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நாள் இருந்தது. கடைசியாக நிழற்குடைக்கு வெள்ளையடித்தார்கள். அன்றைக்கு நான் அழவில்லை தம்பி. அரிமளத்திலிருந்து திரும்பும்போது காலியான சீட்டில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். அப்படி ஒரு தூக்கம் அவள் போன பிறகு எனக்கு வந்ததே இல்லை. எழுந்ததும் வெட்கமாக இருந்தது.

மறக்கணும்னா மறந்துக்கங்க என்றாயே, அதற்கு வருகிறேன். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்றால், கண்ணை மூடினால் போஸ்டர் முகம் மட்டும்தான் வந்தது. உன் அம்மா எத்தனை முகம் வைத்திருந்தாள்! தேன் பெட்டியைத் திறக்கும்போது தலையில் வலையைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி ஒரு முகம். நான் டூட்டி முடிந்து லேட்டாக வந்தால் கதவைத் திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போகிற முகம். உன் மார்க்கைப் பக்கத்து வீட்டில் சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்கிற முகம். அத்தனையும் போய்விட்டன. அந்தச் சிரிப்பு ஒன்று மற்றது எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அவள் என்னைத் திட்டுகிற மாதிரி நினைத்துப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டே திட்டினாள். ரிட்டயர் ஆகி, பெட்டிகளை நானே பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, பெட்டிக் காலுக்குக் கீழே எறும்பு ஏறாமல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும்போது, ஒருநாள் சட்டென்று அவளுடைய கோப முகம் வந்தது. “தண்ணிய வெளிய சிந்தாம ஊத்த மாட்டீகளா?” என்று. அப்படியே அங்கே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, திட்டு வாங்கினதற்கு. இப்போதுதான் தம்பி ஒவ்வொரு முகமாகத் திரும்பி வருகிறாள்.

இந்த நேரத்தில்தான் சேகர் கூப்பிட்டான். “அண்ணே, தம்பி லேபிளு அனுப்பிருக்கு. சூப்பரா இருக்குண்ணே, வந்து ஒரு பார்வ பாருங்க.” போனேன். ஒரு பாட்டிலிலேயே ஒட்டி மேசைமேல் வைத்திருந்தான். நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய். ஓரத்தில் வேப்பம்பூ, கீழே தேனீ, எழுத்தெல்லாம் கண்ணுக்கு இதம். நடுவில் அவள். என் கண் நேரே தோளுக்குப் போயிற்று. உன் விரல்களை அழித்த அதே இடம், அதே இழுப்பு. உன் பழைய போன் தொலைந்துபோனதால் அம்மா போட்டோ இருக்கிறதா என்று நீ சேகரிடம் கேட்டிருக்கிறாய், அவனும் போஸ்டருக்கு வெட்டி வைத்திருந்ததை அனுப்பிவிட்டான். அது போகட்டும். முகத்துக்குக் கீழே இந்தப் பக்கம் ஒரு தேதி, அந்தப் பக்கம் ஒரு தேதி. பேக் செய்த நாள், காலாவதி நாள். போஸ்டரில் தோற்றம், மறைவு என்று போட்டிருந்த அதே இடத்தில். நீ வேண்டுமென்று செய்யவில்லை. சட்டப்படி போட வேண்டியது, அழகாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் சமமாக வைத்திருக்கிறாய். பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னான் சேகர். நான் எடுக்கவில்லை.

தேனை வாங்குகிறவன் தின்றுவிட்டுப் பாட்டிலை என்ன செய்வான்? நீ சென்னையில் இருக்கிறாய், உனக்கே தெரியும். ஒருத்தர் கழுவி மிளகாய்த்தூள் போட்டு வைப்பார். ஒருத்தர் கக்கூஸ் கழுவுகிற ஆசிட் ஊற்றி வைப்பார். மிச்சமெல்லாம் குப்பைத் தொட்டியில் மல்லாந்து கிடக்கும், ஜன்னல் ஓரத்தில் வெயிலில் காயும், முதலில் பொட்டு வெளுக்கும். ஒரு ரூட்டிலேயே என்னால் முடியவில்லை. எத்தனை ஊரில் போய் நான் ஆட்டை விரட்டுவேன், சொல்லு.

முகம் இருந்தால்தான் நம்பி வாங்குவார்கள் என்றாய். உன் தொழில் உனக்குத் தெரியும், நான் குறுக்கே பேசவில்லை. ஆனால் உன் அம்மாவும் லேபிள் போட்டவள்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது, மறந்திருப்பாய். ஆரம்பத்தில் தேன் ஊற்றப் பாட்டிலுக்கு எங்கே போவது? பிராந்திக் கடைக்குப் பின்னால் பொறுக்கி விற்பவனிடம் வாங்கி, சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவாள். என்ன தேய்த்தாலும் அந்தப் பழைய லேபிளின் பசை வட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் உன் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள். டீச்சர் வீட்டுக்காரர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “கண்டக்டர் வீட்டுல எதை ஊத்திக் குடுத்திருக்காங்க?” என்று கேட்டாராம். அந்த அம்மா வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இவளுக்கு முகம் செத்துவிட்டது. மறுநாள் ஒரு பழைய சேலையைக் கிழித்து, பசை இருந்த இடத்தை மூடுகிற மாதிரி அகலமாகச் சுற்றி, நூலால் கட்டினாள். அதுதான் நம் வீட்டுத் தேனின் முதல் லேபிள். பிராந்தியை மறைக்க வந்தது.

பிறகு புது பாட்டில் வாங்கத் தொடங்கியும் துணியை விடவில்லை. ஒரு பூவுக்கு ஒரு சேலை. முந்திரிப் பூத் தேனுக்கு ஒன்று, வேப்பம்பூத் தேனுக்கு ஒன்று, ஆனியில் புளியம்பூத் தேனுக்கு ஒன்று. ஜனங்கள் பூப்பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். “அந்த ரோஸ் துணி கட்டுனது இருக்கா? பிள்ளைக்கு இருமலுக்கு அதான் கேட்டுச்சு” என்பார்கள். பஸ்ஸில்கூட என்னிடம் கேட்பார்கள். “பச்சத் துணி முடிஞ்சு போச்சும்மா, இனி மஞ்சத் துணிதான்” என்று நான் டிக்கெட்டோடு சேர்த்துச் சொல்வேன். யாரும் அவள் முகத்தைப் பார்த்து வாங்கவில்லை. துணியைப் பார்த்து வாங்கினார்கள், தின்று முடித்ததும் அந்தத் துணியால் அடுப்பு துடைத்தார்கள். அதைப் பார்த்து அவள் சந்தோஷம்தான் பட்டாள். தேனும் வீண் போகவில்லை, சேலையும் வீண் போகவில்லை என்பாள்.

ஆகையால் நான் சொல்வது இது. சட்டத்துக்கு என்னென்ன வேண்டுமோ, எடை, விலாசம், லைசென்ஸ் நம்பர், அந்த இரண்டு தேதி, எல்லாவற்றையும் சின்னதாக ஒரு லேபிளில் போட்டுப் பின்பக்கம் ஒட்டிக்கொள். சரோஜா என்ற பெயரையும் போட்டுக்கொள். பெயரை ஆடு தின்றாலும் எனக்கு ஒன்றுமில்லை. முன்பக்கம் துணி கட்டுவோம். கல்யாணத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் துணி தெரியும். உன் அம்மா வந்து நிற்கிறாள் என்று அவர்களுக்குப் புரியும். தெரியாதவர்களுக்கு அது வெறும் துணி, அழகாக இருக்கிறது என்பார்கள். இரண்டுமே சரிதான். நீ வரைந்த வேப்பம்பூவை வீணாக்க வேண்டாம், அதையும் பின்பக்கமே எங்காவது வை, நன்றாக இருந்தது.

கல்யாண வீட்டில் அப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இல்லாமல் இருந்தால் உனக்கே ஏமாற்றமாக இருக்கும். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நிவேதாவைப் போட்டோ எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போட்டோவுக்கு நிற்காத நேரத்திலும் அவள் முகத்தைப் பார். கோபமாக இருக்கும்போது பார்க்காமல் நழுவாதே, அதையும் நின்று பார். நல்லாயிருக்கிற முகத்தை யார் வேண்டுமானாலும் சுவரில் ஒட்டி வைத்துவிடலாம். மற்றதெல்லாம் நீ பார்த்து வைத்திருந்தால்தான் உண்டு. இன்னொன்றும் கேட்க வேண்டும். காதுகுத்தில் அவள் காதில் என்ன சொன்னாய்? அவளிடம் கேட்டேன், “அது எனக்கும் என் மகனுக்கும்” என்று சொல்லிவிட்டாள். வரும்போது சொல்லு. சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடு.

துணிக்கு எங்கே போவது என்று யோசிப்பாய். காரியத்தன்று அவள் சேலைகளை எல்லாம் சொந்தக்காரப் பொம்பளைகளுக்குக் கொடுத்தோமே, அப்போது ஒன்றை மட்டும் நான் என் காக்கிச் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டேன். அந்தக் கத்தரிப்பூச் சுங்குடிதான். போஸ்டரில் நீலமாகிப்போன அதே சேலை. பெட்டிக்குள் இருந்ததால் கலர் கொஞ்சம்கூட மங்கவில்லை. கட்டவும் ஆளில்லை, கொடுக்கவும் மனமில்லை. இன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதை எடுத்து விரித்தேன். தோள் பக்கம் எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. உன் அம்மா சேலை கிழிக்கிற விதம் உனக்குத் தெரியும். கத்தரிக்கோல் எடுக்க மாட்டாள். கரையில் பல்லால் ஒரு கடி, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. காலை டூட்டி முடிந்து நான் இந்த அறையில் படுத்திருப்பேன். அடுப்படியிலிருந்து அந்தச் சத்தம் வரும், சர்ரென்று. தேன் இறக்கிவிட்டாள் என்று அர்த்தம். நான் படுத்தபடியே “எந்தச் சேலைடி இன்னைக்கு?” என்று கத்துவேன். அவள் அங்கிருந்தே கலரைச் சொல்வாள்.

நானும் அதே மாதிரி கரையைக் கடித்தேன். இழுத்தேன். சத்தம் என் கையில்தான் வந்தது, கிழித்தது நான்தான், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அடுப்படிப் பக்கம் திரும்பி, “எந்தச் சேலைடி இன்னைக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

கிழித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு நானே சொன்னேன், கத்தரிப்பூ என்று.

இப்படிக்கு,
அப்பா